அசனப் பந்தியும் அதன் எல்லைகளும்

சித்திரை பிறந்துவிட்டால் நாங்குநேரி வட்டாரத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் கிராமங்களில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகைகள் வரிசைகட்டத் தொடங்கும். பள்ளிகளுக்கு விடுமுறை. சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் ஊர் திரும்பும் காலம். கன்வென்ஷன், ஆயத்த ஆராதனை, பண்டிகை ஆராதனை, திருவிருந்து, ஞானஸ்நானம் என்று நீளும் நிகழ்ச்சிகளின் உச்சம், ஊருக்கே பொது விருந்தான அசனம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். வந்தவர் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து ஊர் இந்துக்கள் குடும்பத்தோடு வருவார்கள். நேர்ந்துகொண்டு அரிசி மூட்டையோ ஆடோ கொண்டுவந்து கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு.

இந்தக் கிராமச் சபைகள் செய்கிற காரியங்களில் ஆகச் சிறந்தது அசனம்தான் என்பது என் எண்ணம். ஆனால் அதன் பெருமையைப் பேசுகிற அளவுக்கு அது எங்கே நின்றுவிடுகிறது என்பதை நாம் பேசுவதில்லை.

தாமிரபரணிக் கரையில் பந்தி ஒருபோதும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மகாதேவியில் தொடங்கிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்தது தமிழக அரசியலையே உலுக்கியது. பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்குப் பின்னால் அந்தப் பந்திக்கும் பங்கு உண்டு. அதற்கு நூறு ஆண்டு முன்னரே, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், தம் பள்ளியில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று வற்புறுத்தி எதிர்ப்பைச் சந்தித்தார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தெற்கே சாமித்தோப்பில் அய்யாவழி கண்ட வைகுண்டர் தம் அன்பர்களை ஒரே கிணற்றில் நீரெடுக்கவும் ஒன்றாக உண்ணவும் வைத்தது ஏறத்தாழ இதே காலத்தில்தான். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு கிராமச் சபை கோயில் வாசலில் பாய் விரித்து, யார் வந்தாலும் உட்காருங்கள் என்று சொல்வது சிறிய காரியம் ஆகாது.

ஆனால் என் பார்வையில் அசனத்தின் உயிர் சாப்பாட்டில் இல்லை, அதற்கு முந்தின இரவில் இருக்கிறது. சாயங்காலமே கோயில் வளாகத்தில் குழி வெட்டி அடுப்புக் கூட்டிவிடுவார்கள். உடைமர விறகு ஒருபக்கம் அடுக்கியிருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மூட்டை மூட்டையாக உள்ளி உரிப்பார்கள். கண் எரியும், பேச்சு நிற்காது. ஒரு வருடத்துக் குடும்பச் சேதி முழுவதும் அந்த வட்டத்தில் கைமாறும். ஆண்கள் கறி வெட்டுவார்கள். பள்ளிக்கூடத்து சார் தேங்காய் துருவ உட்கார்ந்தால், அவரிடம் படித்த கொத்தனார், “சார், கைய இப்படி வச்சுப் பிடிங்க” என்று சொல்லிக்கொடுப்பார். நள்ளிரவுக்குமேல் உலை கொதிக்கும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் குவித்து வெள்ளை வேட்டியால் மூடுவார்கள். ஆவி அடங்கியதும் பனையோலைப் பெட்டிகளில் அள்ளிப் பந்திக்குக் கொண்டுபோவார்கள். அந்த இரவில் சபைக் கமிட்டி உறுப்பினரும், கமிட்டித் தேர்தலில் அவரிடம் தோற்றவரும் ஒரே அண்டாவைக் காதைப் பிடித்து இறக்கியாக வேண்டும். வருடம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் பேசிக்கொள்வது இங்கேதான். எந்தப் பிரசங்கமும் இதைச் சாதித்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் சில ஊர்களில் அசனச் சமையல் கான்ட்ராக்டுக்குப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. வெளியூர் மாஸ்டர் தம் ஆட்களோடு வேனில் வந்து இறங்குகிறார். குழம்பு ருசியாகவே இருக்கிறது. ஊரில் இளைஞர்கள் இல்லை, வேலைக்கு ஆள் இல்லை என்கிறார்கள், உண்மைதான். ஆனால் சமைத்த கை எல்லாம் கூலிக் கை ஆகிவிட்டால் மிஞ்சுவது ஒரு பெரிய இலவசச் சாப்பாடு மட்டுமே. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நெல்லுச் சோறு அபூர்வமாக இருந்த தாத்தா காலத்தில் அசனத்துக்கு இருந்த தேவை வேறு. இன்று அதன் நியாயம் பசியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி சேர்ந்து உழைப்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் கான்ட்ராக்டுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

தூக்குவாளியோடு வந்து சோறும் குழம்பும் வாங்கிப் போகிறவர்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு முணுமுணுப்பு எழும். அதை நான் ஏற்கவில்லை. வீட்டில் படுக்கையில் கிடக்கும் கணவனுக்காக ஒரு அம்மா வாளி கொண்டுவருகிறாள் என்றால், பந்தி அவள் வீடு வரை நீண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். பல ஊர்களில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். பனையேறியின் மகனும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரே தொகை கொடுக்கிறார்கள். சமத்துவம் போலத் தெரியும் இது, இருப்பவனுக்குச் சில்லறை, இல்லாதவனுக்குக் கடன். சபைக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கைப் பாக்கியோடு இந்தப் பாக்கியும் சேர்ந்துகொண்டால், அந்தக் குடும்பம் கூச்சத்தில் பண்டிகைக்கே வருவதில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் ஊரின் விருந்தில் கூச்சமின்றி உண்ண, அந்த ஊர்க்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார். கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்று பவுல் கடிந்துகொண்ட அதே குறை, வேறு உருவத்தில் இங்கே வந்து நிற்கிறது. வரிக்கு மாற்றாகப் பெரும் நன்கொடைகளை நம்பும் ஊர்களில் வேறு சிக்கல். மைக்கில் பெயர் வாசிப்பு, பிளெக்ஸ், பொன்னாடை. பின்னர் சபைத் தேர்தலில் அந்தப் பெயரே வாக்குக் கேட்டு வருகிறது. திருமண்டலத் தேர்தல் விவகாரங்கள் உயர் நீதிமன்றம் வரை போவதைச் செய்தித்தாள் படிக்கிறவர்கள் அறிவார்கள். அந்தப் போட்டியின் முதல் படி கிராமக் கோயிலில்தான் இருக்கிறது. ஆடு வாங்கிக் கொடுத்த பெருமையும் அங்கே செலாவணி ஆகிவிடுகிறது.

விருந்தோம்பலில் இன்னொரு கோணல் உண்டு. இந்து அயலார் நம் பந்தியில் மனமுவந்து உட்காருகிறார்கள். அவர்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் படைத்த சோற்றை நாம் தொடுவதில்லை. விசுவாசம் சார்ந்த காரணம் அதற்கு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும் கொடுப்பவராக மட்டுமே இருக்கப் பழகியவருக்கு அயலாரோடு சரிசமமாக நிற்பது கடினம். கொடைக்கு வந்த கிறிஸ்தவ நண்பருக்குக் கோயில் சோறு தவிர்த்து வீட்டுச் சமையலில் தனியே ஆக்கிப்போடும் இந்து வீடுகளை இந்தப் பகுதியில் பார்க்கலாம். அவர்கள் எடுக்கும் அந்தச் சிரமத்தை நாம் அசனத்தளவுக்குப் பேசுவதே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, பந்தியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில் இருக்கிறது. இந்த ஊர்கள் உருவான விதம் அப்படி. 1799இல் முதலூர், பிறகு ரேனியஸ் காலத்தில் வரிசையாக எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்புகள். பலவும் துன்புறுத்தலுக்கு ஒதுங்கியவர்கள் சேர்ந்து குடியேறிய இடங்கள். 1830இல் தொடங்கிய தர்ம சங்கம் இப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கத்தான் பணம் திரட்டியது. பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பணத்தால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நிற்கும் டோனாவூர் நாங்குநேரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சேர்ந்து அடி வாங்கியவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள்; அசனத்து இரவின் ஒற்றுமை அங்கிருந்து வந்தது. அதே காரணத்தால் பெரும்பாலான ஊர்களில் சபையும் சாதியும் ஒன்றாகிப்போயின. நாடார் ஊரில் நாடார் சபை, தலித் ஊரில் தலித் சபை. ஒரே சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழ், இரண்டும் இருக்கும். இரண்டிலும் அசனம் நடக்கும், வேறுவேறு நாளில். பந்தியில் சாதி கேட்பதில்லை என்று நாம் பெருமைப்படலாம். கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை என்பதுதான் நிலவரம். பெரிய சபையின் அசனத்துக்குச் சின்னச் சபையார் வந்து சாப்பிடுகிறார்கள். சின்னச் சபை ஆக்கிய சோற்றை உண்ணப் பெரிய சபையிலிருந்து எத்தனை குடும்பம் போகிறது? குருவானவரும் கமிட்டிக்காரர்கள் இரண்டொருவரும் போய் ஒப்புக்குக் கை நனைத்துத் திரும்புவதைப் பந்தி என்று சொல்ல எனக்கு மனமில்லை. யார் போட்டு யார் உண்பது என்பதில்தான் இந்த நாட்டில் சாதி குடியிருக்கிறது. உண்ண வருபவரை அனுமதிப்பதால் அது அசையாது. அவர் சமைத்ததை நாம் உண்டால்தான் அசையும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுக்க அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. அந்தக் கொடுமை நம் சபைகளுக்குள் நடந்ததல்ல. ஆனால் அந்த மண்ணில்தான் நம் சபைகளும் இருக்கின்றன. நம் பிள்ளைகளும் கையில் எந்தச் சாதியின் நிறக் கயிறு என்று பார்க்கிற வகுப்பறைகளில்தான் படிக்கிறார்கள். தலைமுறைகளாகப் பந்தி வைத்துப் பழகிய சமூகம் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டித்தரக்கூடியது ஏதாவது இருக்க வேண்டும்.

அசனத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைப் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் படித்த இளைஞர்களோடு நான் உடன்படவில்லை. படிப்புக்கும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அசனத்து இரவை இழந்த ஊரில் சேர்ந்து எதையும் செய்யும் பழக்கம் பிறகு எளிதில் வராது. நான் கேட்பது வேறு. தலைக்கட்டு வரியை விட்டு, இயன்றதைக் கவரில் போட்டுப் பெயர் சொல்லாமல் கொடுக்கும் முறைக்கு மாறலாம். பெயர் வாசிப்பை நிறுத்தலாம். இவை ஒரு கமிட்டித் தீர்மானத்தில் முடிகிற காரியங்கள். கடினமானது மூன்றாவது: சேகரத்துச் சபைகள் எல்லாம் வருடத்தில் ஒரு அசனத்தையாவது சேர்ந்து நடத்துவது, இடத்தைச் சபைக்குச் சபை மாற்றுவது, அடுப்பு கூட்டும் முதல் வருடத்தைச் சேகரத்தின் மிகச் சிறிய தலித் சபைக்குக் கொடுப்பது. அந்தச் சபையின் பெண்களோடு மற்ற ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து உள்ளி உரிக்க வேண்டும், அவர்கள் வீட்டு அம்மியில் அரைத்த மசாலா அண்டாவில் விழ வேண்டும்.

முதல் வருடம் பாதிப் பேர் வரமாட்டார்கள். வயிற்றுவலி, வெளியூர்க் கல்யாணம், வெயில் என்று காரணங்கள் வரும். சோறு மிஞ்சும். மிஞ்சினால் பக்கத்துத் தெருக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறு வருடமும் அதே அளவுக்கு அரிசி போட வேண்டும்.