கூட்டுப்பணிக் கட்டுரையில் பிள்ளை எங்கே?



உங்கள் மாணவர்களின் கட்டுரை ஏடுகளைப் புரட்டினால் ‘எங்கள் பள்ளியில் கோத்தோங் ரோயோங்’ என்ற கட்டுரை கண்ணில் படாமல் போகாது. ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்க. பெரும்பாலும் ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்று தொடங்கும். சனிக்கிழமை காலை மணி 8.00க்கு எல்லாரும் திடலில் கூடுவார்கள். தலைமையாசிரியர் உரையாற்றுவார். ஆண்கள் புல் வெட்டிக் கால்வாயைச் சுத்தம் செய்வார்கள். பெண்கள் சிற்றுண்டி தயாரிப்பார்கள். மாணவர்கள் குப்பை பொறுக்குவார்கள். நண்பகலுக்குள் பள்ளி பளிச்சென்று ஆகிவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் நன்றி கூறுவார். களைப்பாக இருந்தாலும் மனத்துக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று கட்டுரை முடியும்.

போர்ட் கிள்ளானில் எழுதினாலும் சுங்கை சிப்புட்டில் எழுதினாலும் கட்டுரை இதேதான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு கடைசியாக நடந்தது 2019இல். 2021இல் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். தேர்வு போய்விட்டது, கட்டுரை மட்டும் போகவில்லை.

‘மனப்பாடம் பண்ணி எழுதுறாங்க, சொந்த அனுபவம் இல்லை’ என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கட்டுரை பொய் சொல்லவில்லை. நாம் நடத்துகிற கூட்டுப்பணி எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதியிருக்கிறது. கட்டுரையைத் திருத்துவதற்கு முன் நிகழ்ச்சியைத் திருத்த வேண்டும்.

கட்டுரையில் உள்ள வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். உரையாற்றினார், பிரித்தார், வெட்டினார்கள், சமைத்தார்கள், நன்றி கூறினார் என்று வினைகள் எல்லாம் பெரியவர்களுடையவை. பிள்ளைக்கு மிஞ்சுவது ‘பொறுக்கினோம்’ என்ற ஒன்றுதான். அதிலும் ‘நான்’ கிடையாது, ‘நாங்கள்’தான். எதையும் தீர்மானித்த பிள்ளை அங்கே இல்லை. எதையாவது கண்டுபிடித்து, ‘டீச்சர், இங்க வந்து பாருங்க’ என்று கூப்பிட்ட பிள்ளையும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்தது என்பதே தெரியவில்லை. சட்டை போட்டு வரிசையில் நின்றது, படத்தில் விழுந்தது, ரொட்டி சாப்பிட்டது, அவ்வளவுதான்.

சிறுவர்களைத் தொண்டில் சேர்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இந்தப் பிள்ளை இன்று வராமல் போயிருந்தால் எந்த வேலை நின்றிருக்கும்? எதுவும் நின்றிருக்காது என்றால் அந்தப் பிள்ளை தொண்டு செய்யவில்லை, பார்வையாளராக வந்துபோயிருக்கிறது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் பக்கம் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். அம்மா மோர் ஊற்றுவார், சின்னவன் குவளையை நீட்டுவான். நடந்து களைத்தவர் எதிரே நிற்கிறார். கொடுத்தால் குடிப்பார், கொடுக்கத் தாமதித்தால் வரிசை நிற்கும். தன் கை எதற்கு என்பதை யாரும் அந்தப் பிள்ளைக்கு உரையாற்றி விளக்க வேண்டியதில்லை. பெரியவரும் சிறியவரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். நம் சமூகத்துக்குப் பழகிப்போன இந்த முறை பள்ளி வாசலுக்கு வந்ததும் மறந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு வேலை, பிள்ளைகளுக்கு ஒரு பாவனை என்று பிரித்துவிடுகிறோம்.

அடுத்தது பரிசு. ‘வந்தால் சான்றிதழ் உண்டு, மைலோ உண்டு, புறப்பாடப் புள்ளி உண்டு’ என்று சொல்லித்தான் பிள்ளைகளை அழைக்கிறோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 மாதக் குழந்தைகளுக்கு எதிரே ஒருவர் பொருளைத் தவறவிட்டு எட்டாமல் தவிப்பார். கை நிறைய இதழ்களோடு அலமாரியைத் திறக்க முடியாமல் முட்டுவார். யாரும் கேட்காமலே பெரும்பாலான குழந்தைகள் எழுந்து போய் உதவின. 2008இல் அவர்களே மறுபடியும் சோதித்தார்கள். இந்த முறை 20 மாதக் குழந்தைகள். சிலருக்கு ஒவ்வோர் உதவிக்கும் ஒரு விளையாட்டுப் பொருள் கொடுத்தார்கள், சிலரைப் பாராட்டினார்கள், சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. பாராட்டு அப்படிக் கெடுக்கவில்லை.

இது கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு. நம் ஆண்டு 1 மாணவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது, இல்லையா? பிள்ளைகள் உதவும் மனத்தோடுதான் நம்மிடம் வருகிறார்கள். நன்னெறிக் கல்வியில் பரிவைப் பற்றி எழுதி வைத்துவிட்டு, அதற்குச் சான்றிதழையும் கூலியாகக் காட்டினால், பிள்ளை படிப்பது பரிவா, பேரமா? வேலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. அது இருக்கட்டும். முன்கூட்டியே காட்டி அழைக்கும் தூண்டிலைத்தான் விடச் சொல்கிறேன்.

மூன்றாவது குறை, கட்டுரை குப்பைப் பையோடு நின்றுவிடுகிறது. ‘பொறுப்பற்றவர்கள் வீசிய குப்பை’ என்ற ஒரே வரியில் கதை முடிந்துவிடும். போர்ட் கிள்ளான் பிள்ளைகள் அந்த வரியோடு நிற்க வேண்டியதில்லை. சீனா 2018 தொடக்கத்தில் வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளுக்குக் கதவை அடைத்தபோது, அவை மலேசியாவை நோக்கித் திரும்பின. 2019 மே 28ஆம் நாள் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் இதே துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டினார். மொத்தம் 60 கொள்கலன்கள், ஏறக்குறைய 3,000 டன் கழிவு, வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்படும் என்று அறிவித்தார். தஞ்சோங் ஹராப்பான் கரையில் ஆண்டு 5 மாணவர் ஒரு புட்டியை எடுக்கும்போது, ‘இது எங்கிருந்து வந்திருக்கும்? இனி எங்கே போகும்?’ என்று கேட்கப் பழக்கலாமே. அந்தக் கேள்வி இல்லாவிட்டால், உலகத்துக் குப்பையைப் பொறுக்குவது தன் கடமை, போடுவது வேறு யாரோ உரிமை என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

‘சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு வேலை ஆகாது’ என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பாதுகாப்பும் உண்மையான கவலைதான். எலிச் சிறுநீர் கலந்த கால்வாய் நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரக்கூடும். கண்ணாடித் துண்டு, ஊசி எதுவும் கிடக்கலாம். கால்வாய்க்குள் பிள்ளைகளை இறக்கவே கூடாது, குப்பையைத் தொட்டால் கையுறை வேண்டும். ஆனால் இதற்காகப் பிள்ளைகளை ஓரமாக நிறுத்தி வைக்க வேண்டுமா? அவர்கள் அளவுக்கு ஏற்ற உண்மையான வேலையைத் தேடித் தரலாமே.

அப்படி ஒரு வேலை எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. டிங்கிக் காய்ச்சல் எண்ணிக்கையில் சிலாங்கூர் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கிறது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்துக்கு 10 நிமிடம் தேடி அழிக்கச் சொல்கிறது சுகாதார அமைச்சு. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை நான்கு மணி நேரம் ஆரவாரமாகச் சுத்தம் செய்வதால் கொசு குறையாது. வாரம் தவறாத 10 நிமிடத்தால் குறையும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஓர் ஆண்டு 5 மாணவருக்கு ஓர் ஆண்டு 1 மாணவர் என்று இணை சேருங்கள், கூடவே ஒரு பெற்றோரோ ஆசிரியரோ இருக்கட்டும். ஒவ்வோர் இணைக்கும் பள்ளியில் ஓர் இடத்தை ஆண்டு முழுவதற்கும் ஒப்படையுங்கள்: பூச்சட்டித் தட்டுகள், தோட்டத்து வாளி, கூரைத் தண்ணீர் தேங்கும் மூலை. சின்னவரின் வேலை கூர்ந்து பார்ப்பது. குனியாமலே தட்டு தெரிகிற உயரம் அவருக்குத்தான் உண்டு. பெரிய மாணவரின் வேலை தேதி போட்டுக் குறிப்பது. தண்ணீரைக் கவிழ்ப்பதும் தட்டைத் தேய்ப்பதும் இருவரும் சேர்ந்து. மருந்து போட வேண்டியிருந்தால் அது பெரியவர் பொறுப்பு. ஜெந்திக்-ஜெந்திக் கண்டால் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்வதும் பிள்ளைகளே. ஆண் பிள்ளைக்கு ஒரு வேலை, பெண் பிள்ளைக்கு ஒரு வேலை என்ற பிரிவினை இங்கே வேண்டாம்.

சான்றிதழ், பதாகை எதுவும் தேவையில்லை. ஒரு வாரம் அந்தப் பிள்ளை வராவிட்டால் அந்த இடம் பார்க்கப்படாமல் கிடக்கும். அது பிள்ளைக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ‘நீ பார்த்ததால்தான் தெரிஞ்சது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூன்று மாதம் கழித்து அதே தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். பழமொழியும் உரையும் நன்றியுரையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் எத்தனை வருகின்றன, அவற்றுக்குள் எத்தனை புதிய வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கட்டுரைகளை மற்ற ஆசிரியர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள்.