காசு கைமாறும் வாசல்

ரெம்பிராண்ட் செப்புத் தகட்டில் கீறி, அமிலம் தின்னக் கொடுத்து 1648இல் அச்சிட்ட படம் ஒன்று. ஒரு சாண் உயரம்கூட இல்லை. வாசலில் ஒரு நாடோடிக் குடும்பம். முதுகில் குழந்தையோடு நிற்கும் பெண்ணின் கையில் வீட்டுக்காரக் கிழவர் காசு வைக்கிறார். அவர்களிடம் ஹர்டி-கர்டி இருக்கிறது: பிடியைச் சுற்றினால் சக்கரம் நரம்புகளில் உரசி ரீங்கரிக்கும் வாத்தியம். தகட்டில் ஓவியரின் பெயரும் ஆண்டும் உண்டு, தலைப்பு கிடையாது. 'பிச்சைக்காரர்கள்' என்பது பின்னால் பட்டியல் போட்டவர்கள் ஒட்டியது. வியன்னாவின் பார்ட்ஷ் 1797இல் வெளியிட்ட பட்டியலில் பிச்சைக்காரர் பிரிவில் 176ஆம் எண். அதே ஓவியர் 1635 வாக்கில் செய்த இன்னொரு படத்திலும் வாசலில் நின்று வாசிக்கிறார்கள், வீட்டார் கேட்கிறார்கள். அது 'ஊர்சுற்றும் இசைக்காரர்கள்', 119ஆம் எண், பிரிவே வேறு. என்ன வித்தியாசம்? காசு.

1648 படத்தைக் 'கருணை' என்று வாசித்து மூடிவைப்பவர்களோடு எனக்கு இங்கேதான் சண்டை. கருணை என்று சொன்ன மாத்திரத்தில் வாத்தியம் காணாமல் போய்விடுகிறது. சபாவில் கவரில் போட்டுக் கொடுத்தால் சன்மானம், வாசலில் கொடுத்தால் பிச்சை. சட்டமும் அப்படித்தான் வாசித்தது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்துக்குப் பாடுவது, ஆடுவது, குறி சொல்வது எல்லாமே பிச்சை கேட்பதற்கான சாக்கு. தில்லிக்கும் நீட்டப்பட்டிருந்த அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்ய 2018 ஆகிவிட்டது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் படம் புதுசு இல்லை. பூம்பூம் மாட்டுக்காரர் உறுமியோடும் வளைந்த குச்சியோடும் தெருவில் வருவார். உறுமியும் உரசலில் பிறக்கும் ஒலிதான். எங்க வீட்டில் அம்மா முறத்தில் அரிசி கொண்டுவருவாங்க. 'பிச்சைக்காரன் வந்திருக்கான்' என்றுதான் நாங்கள் உள்ளே குரல் கொடுப்போம். என்ன வாசித்தார் என்று ஒருநாளும் காது கொடுத்ததில்லை. அரசின் பழங்குடிப் பட்டியலில் 'ஆதியன்' என்ற பெயர் இருக்கிறது. அது தங்கள் பெயர்தான் என்று சொல்லிச் சான்றிதழுக்காக இவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு பட்டியல்தான். பார்ட்ஷ் போட்டதைவிடக் கெட்டி.

எழுதுகிற நாம் மட்டும் என்ன யோக்கியம்? எவனையாவது கிண்டலடிக்க வேண்டுமென்றால் 'பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுறான்' என்போம். மாடு மொழிக்குள் வந்துவிட்டது, உறுமிக்காரர் வெளியே நிற்கிறார். 'பூம் பூம்' மாட்டின் சத்தமா என்ன? தோலின் சத்தம், அவர் கையின் சத்தம். அந்தச் சொலவடையை நானே இரண்டு கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன்.