அகக்காழும் புறக்காழும்

மலையாள மொழியில் 'காதல்' என்னும் சொல் நம் வழக்கிலுள்ள பொருளைத் தருவதில்லை. முதிர்ந்த மரத்தின் உள்ளே, எளிதில் செல்லரிக்காமல் உறுதியாய் நிற்கும் நடுப்பகுதியையே அவர்கள் அச்சொல்லால் குறிக்கின்றனர். நம் ஊர்த் தச்சர் அதனை வைரம் என்பர். தொல்காப்பியர் காழ் என்றார். புறத்தே காழுடையதைப் புல் என்றும், அகத்தே காழுடையதை மரம் என்றும் அவர் மரபியலில் வகுத்திருப்பதைப் பள்ளியில் தமிழ் பயின்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 2023 நவம்பர் 23 அன்று வெளிவந்த 'காதல் - தி கோர்' என்னும் மலையாளத் திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்க்க நேர்ந்தபோது, இந்தப் பாகுபாடே நம் நினைவில் எழுந்தது. நம் குடும்பங்கள் எவ்வகை? நம் பங்குகள் எவ்வகை?

ஜியோ பேபி இயக்கிய இப்படத்தின் கதையை ஆதர்ஷ் சுகுமாரனும் பால்சன் ஸ்கரியாவும் எழுதியுள்ளனர். மம்மூட்டி தம் சொந்த நிறுவனத்தின் வழியே தயாரித்து, தாமே முதன்மைப் பாத்திரமும் ஏற்றார். தமிழ் மக்கள் நன்கறிந்த ஜோதிகா அவருக்கு மனைவியாக நடித்துள்ளார். 2023-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான கேரள அரசு விருதும் இதற்குக் கிடைத்தது. விருதுக்காக மட்டுமென்றால் இப்பக்கங்களில் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம். தன்பாலீர்ப்பு உள்ள ஒருவரைப் பற்றிய படத்தை ஒரு குருவானவர் திறனாய்வதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். திருமணங்களை ஆசீர்வதிக்கும் கை எழுதாமல், வேறு எந்தக் கை எழுதும் என்பதே நம் மறுமொழி.

கதை எளியது. கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோயியில் மதிப்போடு வாழும் கிறிஸ்தவக் குடும்பம். கூட்டுறவு வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மாத்யூ தேவசி, மனைவி ஓமனா, கல்லூரியில் பயிலும் மகள், முதுமையடைந்த தந்தை ஆகியோர் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். உள்ளாட்சி இடைத்தேர்தலில் இடதுசாரி அணியின் வேட்பாளராக மாத்யூ களமிறங்கும் வேளையில், ஓமனா மணமுறிவு கோரி நீதிமன்றம் சென்றிருப்பது தெரியவருகிறது. கணவர் தன்பாலீர்ப்பு உடையவர் என்பதும், அவ்வூரில் ஓட்டுநர் பயிற்சி அளிக்கும் தங்கன் என்பவரோடு அவருக்கு உறவு உண்டு என்பதும் அவர் மனுவில் கூறும் காரணங்கள். இருபது ஆண்டு இல்லறத்தின் உள்ளீடின்மை ஒரே நாளில் ஊரின் பேச்சாகிறது.

இப்படத்தின் முதற்சிறப்பு, வழக்காடுபவர் மனைவி என்பது. இத்தகைய கதைகளில் மனைவி ஒன்று கண்ணீரோடு மறைந்துவிடுவார், அல்லது சாபமிடுவார். ஓமனா இரண்டையும் செய்வதில்லை. வழக்கு நடக்கும் நாள்களிலும் அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். கணவர்மீது அவருக்கு வெறுப்பில்லை. தமக்கு மட்டுமன்று, அவருக்கும் சேர்த்தே விடுதலை கேட்கிறார். ஒருபால் ஈர்ப்புடையோரின் துன்பத்தைப் பேசுவோர் பலர், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களை மறந்துவிடுகின்றனர். பெண்களுக்காகப் பேசுவோர் பலர், கணவரைக் கயவராக்கிவிடுகின்றனர். ஒரே பொய்யின்கீழ் இருவரும் நசுங்கியதை இப்படம் இருவர் பக்கமும் நின்று காட்டுகிறது.

இரண்டாவது சிறப்பு அதன் மௌனம். தந்தையும் மகனும் ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்வது அரிது. அது பகை என்றே முதலில் எண்ணுகிறோம். பின்னரே அது ஒரு குற்றத்தை இருவரும் அறிந்திருப்பதன் மௌனம் எனப் புரிகிறது. மம்மூட்டி இங்கே தம் புகழையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுத் தோள் ஒடுங்கிய மனிதராக நடமாடுகிறார். நம் தமிழ்த் திரையில் பல ஆண்டுகளாக இத்தகைய மனிதர் கைதட்டலுக்கும் கேலிக்கும் உரிய உருவமாகவே வந்து போயினர். அவர்களுக்கும் வீடும் செபமும் அச்சமும் உண்டு என்பதைப் பெருநடிகர் ஒருவர் தம் முகத்தால் சொன்னது சிறு செயலன்று.

எனினும் படத்தின் உயிர்நிலை முதியவர் தேவசியின் சாட்சியமே. மகனின் இயல்பைத் தாம் முன்பே அறிந்திருந்ததையும், மணம் முடித்துவைத்தால் மாறிவிடுவான் என்று நம்பி வற்புறுத்தியதையும் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்தக் காட்சியோடு வழக்கின் திசை மாறுகிறது. அதுவரை கணவரா மனைவியா என்றிருந்த கேள்வி, இவ்விருவரையும் இப்படி இணைத்தது யார் என்று திரும்புகிறது.

அந்தக் காட்சியில் நம்மால் இயல்பாக அமர்ந்திருக்க இயலவில்லை. ஏன் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. பங்கு அலுவலறையில் நிகழ்ந்தது. நாம் குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், ஒரு தந்தை நம்மிடம் வந்தார். "சாமி, பையன் கலியாணமே வேண்டாம் என்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். மகனை வரவழைத்தோம். அவர் தலை கவிழ்ந்து, தமக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை என்றும், இதை அப்பாவிடம் சொல்ல முடியவில்லை என்றும் கூறினார். நாம் என்ன செய்தோம்? தேவ அன்னையிடம் செபிக்கச் சொன்னோம். குடும்பம் என்று ஒன்று அமைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றோம். மும்முறை ஓலை வாசித்தோம். தடை அறிந்தவர் தெரிவிக்கலாம் என்று மக்களைக் கேட்டோம். தடையை அறிந்திருந்தவர் பீடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து அந்தப் பெண் அதே அலுவலறையில், அதே நாற்காலியில் வந்தமர்ந்தார். "என்னிடம் என்ன குறை சாமி?" என்பது அவர் கேட்ட கேள்வி. பொறுமையாக இரு மகளே என்றோம். உண்மையைச் சொல்ல நமக்குத் துணிவில்லை. தேவசி ஒருமுறை செய்ததை நாம் இருமுறை செய்தோம். அந்த முதியவர் இறுதியில் வாய் திறந்தார். நாமோ இதுவரை திறக்கவில்லை.

படம் வெளிவந்தபோது, இதற்கு ஏன் கிறிஸ்தவக் குடும்பத்தைத் தேர்ந்தார்கள் என்னும் மனக்குறை கேரளத்தில் எழுந்தது. அக்குறையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். சிறுபான்மையினரின் வீட்டுக் கதவை மட்டும் கலைஞர்கள் திறந்து காட்டுகிறார்களோ என்னும் ஐயம் இயல்பானதே. ஆயினும் எல்லாச் சமயத்தார் வீட்டிலும் உள்ள துயரம் நம் வீட்டில் மட்டும் கூடுதல் பொருள் பெறுகிறது என்பதையும் மறுக்க இயலாது. நமக்குத் திருமணம் அருட்சாதனம். மணமக்களின் இசைவே திருமணத்தை உண்டாக்குகிறது என்றும், அந்த இசைவுக்கு ஈடாக எந்த மனித அதிகாரமும் எதையும் வைக்க இயலாது என்றும் இலத்தீன் திருச்சபைக்குரிய 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு 1057-ஆம் சட்டத்தில் கூறுகிறது. கீழைத் திருச்சபைகளுக்குரிய 1990-ஆம் ஆண்டுத் தொகுப்பின் நிலையும் அதுவே. வன்முறையாலோ பேரச்சத்தாலோ செய்யப்படும் திருமணம் செல்லாது என்கிறது 1103-ஆம் சட்டம். உளவியல் காரணங்களால் மண வாழ்வின் அடிப்படைக் கடமைகளை ஏற்க இயலாதோர் பற்றி 1095-ஆம் சட்டம் பேசுகிறது. தந்தையின் கண்ணீரும் குருவின் அறிவுரையும் சேர்ந்து பெற்ற 'சம்மதம்' எத்தகையது என்று நாம் குருமடத்தில் கற்ற பாடமே நம்மைக் கேட்கிறது. ஆகவே இக்கதை நம் வீட்டில் நிகழ்வதாகக் காட்டப்பட்டதில் வருந்துவதைவிட, அது நம் பீடத்திலும் நிகழ்கிறதே என்று வருந்துவது மேல்.

படத்தில் குறைகளும் உண்டு. முதலாவது, தங்கன். அவர் மாத்யூவைவிட வசதி குறைந்தவர். ஊரின் ஏளனம் அவர் அக்காள் மகனையும் சுடுகிறது. ஆனால் அவர் உள்ளம் நமக்குப் போதிய அளவு திறக்கப்படுவதில்லை. மதிப்புள்ள வீட்டின் வேதனைக்குக் கிடைத்த நேரம் எளியவரின் வேதனைக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது, மாத்யூ தேர்தலில் வென்றுவிடுகிறார். நம் ஊர்கள் அவ்வளவு விரைவாக மனம் மாறுவதை நாம் கண்டதில்லை. வெற்றி பெற்றவரை ஏற்பது எளிது. தோற்று, வேலையிழந்து, வீட்டைவிட்டு விரட்டப்பட்டவரை ஏற்பதே சோதனை. மூன்றாவதே நமக்குப் பெரிது. தந்தை கூண்டில் நிற்கிறார். அத்திருமணத்தை ஆசீர்வதித்த குரு நிற்கவில்லை. கோயிலைக் காட்டும் படம் கோயிலிடம் கணக்குக் கேட்காமல் விட்டுவிடுகிறது. இயக்குநர் நம்மீது இரக்கம் காட்டினார் போலும். அந்த இரக்கத்துக்கு நாம் தகுதியுடையவர் அல்லர்.

திருச்சபையின் போதனைக்கு எதிராக எழுதுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயான உடன்படிக்கை என்பதே நம் போதனை. 2023 டிசம்பரில் உரோமை வெளியிட்ட அறிக்கை, ஒருபால் இணையர் ஆசி கேட்டு வரும்போது வழிபாட்டு முறைக்கு வெளியே எளிய ஆசி வழங்க இடமளித்தது; திருமணம் பற்றிய போதனையையோ அது மாற்றவில்லை. ஆனால் அதே திருச்சபைதான், 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலின் 2358-ஆம் எண்ணில், இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவும் அநீதியான பாகுபாட்டின் சாயலையும் தவிர்க்கவும் பணித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 சனவரியில், தன்பாலீர்ப்புடன் இருப்பது குற்றமன்று எனவும், அதைக் குற்றமாக்கும் சட்டங்கள் அநீதியானவை எனவும் வெளிப்படையாகக் கூறினார். நம் நாட்டில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, மனமொத்த வயதுவந்தோரின் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 1990-லேயே உலக நலவாழ்வு நிறுவனம் இதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 சூன் 7 அன்று வழங்கிய ஆணையில், இவர்களை 'மாற்றுவதாக'ச் சொல்லும் மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தது.

மருத்துவர் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்ததை நாம் செபத்தின் பெயரால் செய்யலாமா? மகனைப் பேயோட்டும் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வதும், மகளை அவசரமாக மணமேடை ஏற்றுவதும் அதே முயற்சியின் வேறு வடிவங்களே. திருமணம் மருந்தன்று. மருந்தென்று எண்ணிக் கொடுத்தால், நோயே இல்லாத இருவர் அதனால் நோயுறுவர். மணமாகாமல் இருப்பதும், குருவாகவோ துறவியாகவோ ஆகாமல் தனித்து வாழ்வதும் நம் பங்குகளில் மதிப்புடைய வாழ்வாக வேண்டும். "ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை?" என்று கோயில் வாசலில் கேட்கும் வழக்கத்தை நாம் ஒவ்வொருவரும் விட்டுவிட்டாலே, பல வீடுகளில் பொய் தொடங்காமல் நின்றுவிடும்.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அண்ணகர் ஒருவர் தேரில் வருகிறார். பழைய சட்டத்தின்படி ஆண்டவரின் சபைக்குள் நுழைய இயலாதவர் அவர். பிலிப்பு அவரிடம் முதலில் மாறு என்று சொல்லவில்லை. தேரில் ஏறி அருகே அமர்ந்தார். அவர் கேட்டதற்கு விடையளித்தார். தண்ணீர் கண்டதும் திருமுழுக்குக் கொடுத்தார். மேய்ப்புப்பணி எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. அன்று நம் அலுவலறையில் தலை கவிழ்ந்து நின்ற இளைஞரின் அருகே நாம் அமரவில்லை. மேசைக்கு அப்பால் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னோம்.

மதிப்பு, வீட்டுப் பெயர், பத்திரிகையில் அச்சிட்ட திருமண அழைப்பு ஆகியன புறக்காழ். காற்றில் அவை உறுதிபோல் தோன்றும், உள்ளே சோறுதான். உண்மை பேசும் துணிவு அகக்காழ். அது ஓமனாவிடம் இருந்தது; காலம் கடந்தேனும் தேவசியிடம் வந்தது. இப்படத்தைப் பெற்றோரும் திருமண ஆயத்த வகுப்பு நடத்துவோரும் பார்க்க வேண்டும் என்பதே நம் பரிந்துரை. பார்த்தபின் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "உனக்கு இதில் உண்மையான விருப்பம் உண்டா?" அவர்கள் சொல்லும் விடையைத் திருத்தாமல் கேளுங்கள்.

ஓலை வாசிக்குமுன் இனி அதே கேள்வியை நாமும் தனித்தனியே கேட்கிறோம். இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரோடு சேர்ந்து வீட்டாரிடம் சென்று பேசும் பொறுப்பும் நம்முடையதே. அந்த இருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டுமா என்பதை இறைவனிடம் விடுகிறோம். அதுவரை, இப்பக்கமே நம் சாட்சிக்கூண்டு.