பாவம் என்னும் விமர்சனம்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை விழாக்களிலே டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை மேடையேறினால் சபையில் இரண்டு சொற்கள் எழும். ஒன்று ‘பாவம்’, மற்றது ‘தெய்வக் குழந்தை’. இரண்டும் அன்பிற் பிறந்தவைதாம். ஆயினும் தாளம் தவறினும் தவறாவிடினும் ஒரே கைதட்டல் கிடைக்குமாயின், அது கலைக்குரிய மதிப்பன்று; தருமம்.

இந்நிலையை 1866இல் விவரித்த ஆங்கில மருத்துவர் ஜோன் லாங்டன் டவுண், இவர்களுக்கு ஓர் ஆசிய இனத்தின் பெயரைச் சூட்டினார். இருபத்தோராவது நிறமூர்த்தம் ஒன்று மிகுதியாயிருப்பதே காரணமென்பது 1959இலேதான் வெளியாயிற்று. அதே டவுண் தமது இல்லத்தில் 1879இல் நாடக அரங்கொன்றையும் திறந்துவைத்தார். பழிச்சொல்லும் அரங்கும் ஒரே மனிதரிடமிருந்து வந்தமை விந்தையே.

நமக்கு அரங்குக்குப் பஞ்சமில்லை. காத்தவராயன் கூத்தை நோக்குவோம். அங்கே காத்தானாக ஒருவர் மட்டும் ஆடுவதில்லை. ஆதிக் காத்தான் தொடங்கிப் பலர் அப்பாத்திரத்தை அடுத்தடுத்து ஏற்பர். ஆடுபவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். அண்ணாவியார் ஏட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை. ஆடிக்காட்டி, சொல்லிச் சொல்லிப் பல இரவுகள் பழக்குவார். பேச்சுத் தெளியக் காலமெடுக்கும் பிள்ளைக்கு, பார்த்துப் பார்த்துக் கற்கும் பிள்ளைக்கு, இதனினும் இணங்கிய வடிவம் யாது? நம் முன்னோர் இதை இவர்களுக்கென்று அமைத்தாரல்லர். ஆனால் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்கும் முறை அதில் ஊறியிருக்கிறது.

கோண்டாவிலில் 2004இல் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை போன்றவை இன்றியமையாதவை. தனிப் பாடசாலை வேண்டியதே. தனி மேடையும் வேண்டுமா? குழந்தை ம. சண்முகலிங்கம் தமது சிறுவர் நாடகத்துக்குக் ‘கூடி விளையாடு பாப்பா’ என்று பெயரிட்டார். அந்தக் ‘கூடி’ என்ற சொல் நமது விழாக்குழுக்களின் காதில் இன்னும் விழவில்லைப் போலும்!

இவர்களை விமர்சிப்பது கொடுமையென்பர் சிலர். கால் பிந்தினால் பிந்திற்றென்று எழுதாத விமர்சகன், ஒரு பார்வையால் சபையை அடக்கிய கணத்தையும் எழுதமாட்டான். கொடுமை அதுவே.

இவர்களுக்கு நாம் ஒதுக்கும் வேடங்களையும் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சி, பூ, தேவதை. எப்போதும் சிரிப்பவர், கோபமோ ஆசையோ அறியாதவர் என்பது நமது கணிப்பு. பிடிவாதக்காரர் என்ற மற்றொரு பெயரையும் வீட்டுக்குள்ளே சூட்டிவைத்திருக்கிறோம். காத்தானோ தாய் தடுத்தும் கேளாமல் ஆரியமாலையை விரும்பிக் கழுமரம்வரை சென்ற பிடிவாதக்காரன். அடுத்த கூத்துக்கு ஆள் தெரியும் அண்ணாவிமார், அப்பாத்திரத்தின் ஒரு பகுதியையேனும் இவர்களில் ஒருவனுக்குக் கொடுத்துப் பழக்கட்டும். பார்த்து எழுத நாம் வருவோம்.