எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்தால் போதுமா?

தடுப்பூசி போட்டபின் ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளப்பது பழைய வழக்கம். அவை கிருமியின் எந்தப் பகுதியில் போய் ஒட்டுகின்றன என்று அறிய, ஒவ்வொரு ஆன்டிபாடியாகப் பிரித்தெடுத்து மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஆண்ட்ரூ வார்டு குழுவினர் 2018-இல் வெளியிட்ட முறை இந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைத்தது. சீரத்திலிருந்து ஆன்டிபாடிகளைத் திரட்டி, பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பப்பெயின் நொதியால் அவற்றின் கைப்பகுதியை மட்டும் துண்டித்து, தடுப்பூசிப் புரதத்தோடு கலக்கிறார்கள். ஒட்டாமல் மிஞ்சியதை வடித்துவிட்டு, யுரேனிய உப்பால் சாயமேற்றி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான துகள்களின் படங்களைக் கணினி வகைபிரித்து ஒன்றுசேர்த்ததும், புரதத்தின் எந்தெந்த மூலையில் ஆன்டிபாடி தொற்றி நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த முறை எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் தன் மதிப்பை நிரூபித்துவிட்டது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவில் அந்த வைரஸின் இருப்பை முதன்முதலாக வெளிப்படுத்தினார்கள். ஆனால் அதற்கான தடுப்பூசி இன்னும் வந்தபாடில்லை. வைரஸின் உறைப்புரதத்தைத் தனியே செய்து விலங்குகளுக்குச் செலுத்தியபோது ஆன்டிபாடி ஏராளமாகச் சுரந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், அவற்றில் பெரும்பங்கு புரதத்தின் அடிப்பகுதியைப் பற்றியிருந்தது. உண்மையான வைரஸில் அந்த அடிப்பகுதி சவ்வோடு சேர்ந்து மறைந்திருக்கும். அங்கே ஒட்டும் ஆன்டிபாடியால் பயனில்லை. வெறும் அளவைப் பார்த்து மகிழ்ந்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. அந்த அடிப்பகுதியைச் சர்க்கரை மூலக்கூறுகளால் மூடும் முயற்சிகளுக்கு இந்தப் படங்கள் வழிகாட்டின. ஒரு தடுப்பூசி ஏன் தவறுகிறது என்று காட்டித் திருத்தச் சொல்லும் கருவி அரிது. அந்த வகையில் இதற்கு என் முழு ஆதரவு உண்டு.

ஆனால் படத்தின் தெளிவு அதன் எல்லையை மறைத்துவிடுகிறது. துண்டிக்கும்போது கழித்துக்கட்டப்படும் வால்பகுதிதான் நோயெதிர்ப்பு அணுக்களைக் கூப்பிடுவது. அந்த வேலை படத்தில் வராது. தளர்வாக ஒட்டும் ஆன்டிபாடிகள் வடிகட்டும்போதே கழன்றுபோகும். சொற்ப அளவில் இருப்பவை கணக்கில் விழாது. ஒட்டிய இடம் தெரிந்தாலும் வைரஸ் முடங்கியதா என்பதைத் தனிச்சோதனைதான் சொல்ல வேண்டும். இவற்றைவிட என்னை உறுத்துவது, யாருடைய ரத்தம் நுண்ணோக்கிக்குப் போகிறது என்பது. முதற்கட்டப் பரிசோதனைகளுக்கு நோய் தொடாத ஆரோக்கியமானவர்களையே தேடுவார்கள். வடசென்னையின் நிலை வேறு. 2020 ஜூலையில் சென்னையில் ஏறத்தாழ 12,000 பேரிடம் நடந்த ரத்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குக் கொரோனா ஆன்டிபாடி இருந்தது; தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் விகிதம் நகரச் சராசரியையும் தாண்டியது. தடுப்பூசி வருமுன்பே அங்கே பலருடைய உடல் வைரஸின் சில பகுதிகளை நினைவில் வைத்துக்கொண்டது. அப்படிப்பட்டவருக்கு ஊசி போட்டால் பழைய நினைவே முந்திக்கொண்டு எழும். புதியவரின் படத்தைக் கொண்டு இவருக்கு என்ன நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

மறுப்பவர்கள், இது வடிவமைப்புக்கான கருவிதானே, மக்கள்தொகையைப் பற்றி அதனிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஆய்வகத்தின் நல்ல அறிகுறி களத்தில் கைவிட்ட வரலாறு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1968-இல் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கிய பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டார்கள். ஊசி போட்டவர்களின் தோலில் எதிர்வினை நன்றாகவே தெரிந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயோ குறையவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள காசக்கிருமியின் உறவினங்கள் முன்பே உடலைப் பழக்கியிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. காசநோயில் ஆன்டிபாடியைவிட நோயெதிர்ப்பு அணுக்களின் பங்கே பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் முன்தொற்றைக் கணக்கில் எடுக்காத அறிகுறி ஏமாற்றக்கூடும் என்ற எச்சரிக்கை இங்கும் செல்லும்.

செலவைக் காட்டி இதை நமக்கு எட்டாததாக ஒதுக்கவும் வேண்டாம். கோடிகளை விழுங்கும் உறைநிலை நுண்ணோக்கி நுணுக்கமான விவரத்துக்குத்தான் தேவை. முதல் வரைபடத்துக்குச் சாயமேற்றும் முறையும் சாதாரண எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் போதும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரையுள்ள நெரிசலான தெருக்களில், முன்பு தொற்று கண்டவர்களின் சீரத்தை அவர்கள் சம்மதத்தோடு தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த தடுப்பூசிக்கான திட்டத்திலேயே இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். ஊசி போட்டு முடித்தபின் முதல் படத்தை எடுக்க வழியில்லை.