திறவுகோல் பிள்ளைகள் கையில்

இலக்கிய விழா எதுவாயினும், நம் ஊர்களில் மேடையிலிருந்து ஒரு வருத்தம் தவறாமல் ஒலிக்கும். இளைய தலைமுறைக்கு முன்னோர் தேடி வைத்த செல்வத்தில் பற்றில்லை என்பதே அது. அவையில் அமர்ந்திருக்கும் நாமும் ஆமெனத் தலையசைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். ஆனால், அவ்விழாவில் இளைஞர்களுக்கு நாம் அளித்த இடம் யாது? நாற்காலிகளை அடுக்கினார்கள், தேநீர் வழங்கினார்கள், பரிசு பெறுவதற்கு மட்டும் மேடையேறினார்கள். பேசுவது பெரியவர் பங்கு, கேட்பது பிள்ளைகள் பங்கு என்று வரம்பு கட்டியவர்கள் நாமே. கட்டியபின் அவர்கள் வரவில்லையே என்று வருந்துவது முறையாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் சீறாப்புராணம் ஒப்புவித்தல் போட்டிக்கு நாம் நடுவராக இருந்தோம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று விருத்தங்களைப் பிழையின்றி ஒப்புவித்து முதற்பரிசு பெற்றாள். அப்பாடல்கள் வரலாற்றின் எவ்விடத்தில் வருகின்றன என்று வினவினோம், விழித்தாள். அது அவள் குற்றமன்று. அச்சிட்ட தாள் ஒன்றை அவள் கையில் கொடுத்து, மனனம் செய்து வா என்று மட்டுமே நாம் கூறியிருந்தோம்.

உமறுப்புலவர் 5,027 விருத்தங்களால் யாத்த அப்பெருங்காப்பியம் தாளைப் பார்த்து நெட்டுருப் போடுவதற்காகப் பிறந்ததன்று. ஒருவர் இசையோடு பாட, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊர் கூடி இரவெல்லாம் கேட்டு மகிழ்ந்த நூல் அது. விருத்தத்தின் உயிர் அதன் ஓசையில் இருக்கிறது. ஓசையைக் களைந்துவிட்டுச் சொற்களை மட்டும் ஒப்புவிக்கச் செய்வது, கரும்பின் சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் பரிமாறுவது போலாகும். பிள்ளைகளுக்கு அது சுவைக்கவில்லையென்றால் நாவைக் குறை கூறலாமா?

மேடையை விட்டு இறங்கும்போது அச்சிறுமி நம்மிடம் ஒன்று சொன்னாள்: "இதை எங்க உம்மும்மா ராகத்தோடு பாடுவாங்க." அன்று மாலை அவ்வீட்டிற்குச் சென்றோம். எண்பதைக் கடந்த அந்த மூதாட்டி பாடிய விருத்தத்தில் நாம் அதுவரை கேட்டறியாத ஓர் இசை இருந்தது. பின்னர் அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் பொதிந்த பழஞ்சுவடி ஒன்றை எடுத்தார். பேத்தி விலகி நின்றாள். "அது அரபுக் கிதாபு. ஒளுவோடுதான் தொட வேண்டும்" என்றாள். மூதாட்டி நகைத்து, "இது தமிழ்தான், மகளே" என்றார்.

அது அரபுத்தமிழ்ச் சுவடி. குர்ஆன் ஓதக் கற்றிருந்த அப்பெண் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். ஒரு சொல்லில் தயங்கினாள். அரபியில் இல்லாத புள்ளியுடன் ஓர் எழுத்து அங்கே நின்றது. "அது ண" என்றார் பாட்டியார். "தண்ணீர்" என்று வாசித்தாள் பேத்தி. அவள் முகத்தில் அப்போது தோன்றிய வியப்பை, பரிசு வாங்கியபோது நாம் காணவில்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் ஈழத்திலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி வந்தனர். ட, ண, ள, ழ, ங, ஞ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளிலேயே குறிகளைக் கூட்டி அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் மார்க்கச் சட்ட நூல்களை இவ்வெழுத்தில் இயற்றினர். தமிழ் எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்க வாய்ப்பில்லாத நம் பெண்மக்கள் இதன் வாயிலாகவே கற்றோராய்த் திகழ்ந்தனர்.

அந்நூல்கள் எவ்வாறு அழிகின்றன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு பதைக்கிறது. கறையானுக்கு இரையாவன ஒரு பங்கு. மற்றொரு பங்கை அழிப்பது நம் மரியாதையே. அரபு எழுத்துள்ள தாள் கிழிந்தால் அது காலில் மிதிபடலாகாது என்று மண்ணில் புதைக்கிறோம், நீரில் விடுகிறோம். மூதாட்டி மறைந்த வீட்டில் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைகள் பழந்தாள் அனைத்தையும் இறைவசனம் என்றே கருதிப் பக்தியோடு அடக்கம் செய்துவிடுகின்றனர். நல்லெண்ணத்தோடு செய்யும் இச்செயலால் ஒரு நூலின் எஞ்சிய ஒரே படி மறைந்து போகலாம்.

இப்பிள்ளைகளே அந்நூல்களைக் காக்க வல்லவர்கள் என்பதை நாம் உணரவில்லை. தமிழகத்தில் அரபுத்தமிழை வாசிக்கத் தேவையானவை இரண்டு: அரபு எழுத்தறிவு, தமிழ்மொழி அறிவு. நம் மதரஸாவில் ஓதி முடித்த ஒவ்வொரு சிறுவனிடமும் சிறுமியிடமும் இவ்விரண்டும் உள்ளன. எஞ்சியவை சில எழுத்துகளே. பல்கலைக்கழக ஆய்வாளர் பலருக்கும் வாய்க்காத திறவுகோல் நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. பூட்டு எங்கேயிருக்கிறது என்று மட்டும் நாம் சொல்லவில்லை.

பழங்கிஸ்ஸாக்களிலும் மாலைகளிலும் கற்பனையும் மிகையும் கலந்துள்ளன. அவற்றைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்போர் உளர். இவ்வினாவை நாம் ஒதுக்கவில்லை. அவற்றில் உள்ள அனைத்தும் கொள்ளத்தக்கன என்பதும் நம் கருத்தன்று. ஆயினும், கொள்வதைக் கொள்ளவும் தள்ளுவதைத் தள்ளவும் முதலில் படித்தாக வேண்டும். படிக்காமலே புதைப்பது திறனாய்வாகாது. நூலை எடைபோடும் பழக்கத்தையும் இளைஞர் இந்நூல்களிலிருந்தே கற்கட்டும்.

1973ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும், அதன்பின் நிகழ்ந்தவையும் நம் இலக்கியத்தை உலகறியச் செய்தன. அப்பணியை நன்றியோடு போற்றுகிறோம். ஆனால் மாநாடு சில நாள்களில் முடிந்துவிடும். பெட்டிகளோ வீடுகளில் இருக்கின்றன. இனிச் செய்ய வேண்டிய பணி வீடுதோறும் நிகழ வேண்டிய பணி. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் அரபுத்தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்தாறு இளைஞரிடம் ஒரு குறிப்பேட்டை ஒப்படைத்து, எந்த வீட்டில் எந்த நூல் உள்ளது, ஆக்கியோர் யார், ஆண்டு என்ன என்று பதியச் செய்யலாம். ஏடுகளைக் கைப்பேசியில் படமெடுக்க அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. பாட்டியரின் இசையையும் அவ்வாறே பதிந்து வைக்கலாம். பழந்தாள்களைப் புதைக்குமுன் அவ்விளைஞரிடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்பதை ஜமாஅத்தார் வழக்கமாக்கலாம். பாட்டியரிடம் அமர்ந்து கேட்க எளிதில் வாய்ப்புள்ளவர்கள் பெண்பிள்ளைகள். அவர்களை விலக்கிவிட்டு இப்பணி நிறைவேறாது.

சுவடிகளில் கிடந்த சீறாவை 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றியதனால் அன்றோ இன்று நாம் அதனைப் படிக்கிறோம்? இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் வேண்டுவதும் அதே தொண்டினைத்தான். அவர்களுக்குப் பரிசும் பாராட்டும் பிறகு வழங்கலாம். முதலில் பொறுப்பை வழங்குவோம்.

அந்த மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. அவர் பெட்டியில் இருந்த சுவடியைப் பேத்தி புதைக்கவில்லை, வாசித்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பெட்டியை இவ்வாரமே திறந்து பாருங்கள். திறக்கும்போது உங்கள் பிள்ளை அருகில் இருக்கட்டும்.