ஒரு வளவுக்கு இரண்டு தாள்

தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடாக வந்தது. நூல் என்று சொல்கிறோம். பார்வைக்குக் கச்சேரிக் கோப்பு மாதிரித்தான் இருக்கும். போரால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் விட்டுவந்த 80 வீடுகள் அதில் உண்டு. ஒவ்வொரு வீட்டையும் அதில் வாழ்ந்தவரே நினைவிலிருந்து கீறிக் கொடுத்திருக்கிறார். அதைக் கட்டடக்கலை முறைப்படி வரைந்த படம் அடுத்து வருகிறது. பிறகு சனாதனனின் சொந்தச் சித்திரம்.

தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் விரித்த பதிவேடு. தலைத் தோம்பில் ஆட்கள், காணித் தோம்பில் நிலங்கள். அரசாங்கம் வரிக்காக எழுதிய ஏட்டின் பேரை எடுத்து, அகதியானவனின் கையில் பென்சிலைக் கொடுத்ததுதான் சனாதனன் செய்த வேலை. உறுதி தொலைந்தவனுக்கு இந்தத் தாள்தான் உறுதி. நீதிமன்றம் ஏற்காது, அது வேறு கதை.

1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, டில்லியில் ஓவியம் படித்து, திரும்பிவந்து யாழ் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர் அவர். வெளியே தங்கிவிட வழியிருந்தும் திரும்பி வந்தவர் என்பது அவருடைய வேலைகளில் தெரிகிறது. 2004இல், எரிந்து மீண்ட யாழ்ப்பாண நூலகத்தில், குடாநாட்டு வீடுகளிலிருந்து சேர்த்த பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கும் பேசியது சனங்களின் சாமான்தான். தோம்பிலும் அவருடைய சித்திரங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கோணல்மாணலான முதல் தாள் சொன்னதற்குப் பிறகு அவை கொஞ்சம் அதிகப்படி.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவருக்கு இந்தக் கோப்பில் இடம் இருப்பது சின்ன விசயமில்லை. சோனகத் தெருவை விட்டு வெளிக்கிட இரண்டு மணித்தியாலம்தான் கிடைத்தது.

ஆனால் இதே முறையை மட்டக்களப்பு வாவிக் கரைக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? இங்கே வீடு பெண்ணுக்குரியது. தமிழரிலும் முஸ்லிம்களிலும் குடி தாய்வழியாக வருகிறது; மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் ஒதுங்கிக்கொள்வார்கள். காத்தான்குடி ஆம்பிளை ஒருவனிடம் "உங்கட ஊட்டைக் கீறுங்க" என்றால், எந்த ஊட்டை என்று கேட்பான். உம்மாட ஊடா, பொஞ்சாதிட ஊடா? அவனுடைய உம்மாவிடம் கேட்டால், அத்திவாரம் போட்டு நின்றுபோன மகளின் வீட்டைத்தான் முதலில் கீறுவா. ஒரு வீடு எரிந்தால் இங்கே ஒரு கலியாணமும் நின்றுவிடும். ஒருவருக்கு ஒரு வீடு என்ற கணக்குக்குள் இது அடங்காது.

இதைவிடச் சிக்கலானது அடுத்தது. 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிகளில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். 100 பேருக்கு மேல் ஷஹீதானார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்களை இராணுவம் கொன்றது. அந்த மாதங்களில் பக்கத்துப் பக்கத்து வளவுகள் பிரிந்தன. படுவான்கரையில் நம்மவர் வயலை விட்டு வந்தார்கள். நம் ஊர்களின் ஓரத்தில் இருந்த தமிழர் வளவை விட்டுப் போனார்கள். அறா விலைக்குக் கைமாறிய காணியும் உண்டு, சும்மா கிடந்து வேறு ஆள் குடியேறிய காணியும் உண்டு. இன்று அந்த வளவில் ஒருவருடைய சமையலறை இருக்கிறது, அதே இடத்தில் இன்னொருவருடைய கிணற்றடியும் இருந்தது.

சனாதனனின் கோப்பில் ஒரு வீட்டை ஒரு கைதான் கீறுகிறது. வாவிக் கரைத் தோம்பில் ஒரே வளவுக்கு இரண்டு தாள் வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக. நம் பக்கத்துத் தாளை மட்டும் சேர்த்துவைத்தால் அது வழக்குக் கட்டு, கலை ஆகாது. அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லலாம், சொல்கிறோம். அந்தப் பதிலை இரண்டு பக்கமும் முப்பது வருசத்துக்கு மேலாகச் சொல்லியாயிற்று.

2019இல் சனாதனன் அரிச்சுவடி வடிவில் போரைப் பற்றி இன்னொரு நூல் செய்தார். அது யாழ்ப்பாணத்தில் இருந்தே செய்யக்கூடியது. வாவிக் கரை வேலைக்கு இந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்த ஆள் வேண்டும், பெண்கள் என்றால் இன்னும் நல்லம். 1990இல் 40 வயதில் இருந்த உம்மாக்களுக்கு இப்போது 75. பென்சிலோடு போகவேண்டிய வீடுகள் ஏறாவூரிலும் இருக்கின்றன, செங்கலடியிலும் இருக்கின்றன.